நடந்து முடித்த கால்களோடு 4,061 மீட்டர்

மோன் பிளாங் மலையைச் சுற்றி நடக்கும் பாதை கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகள் வழியாகப் போகும். ஏற்றங்களை மட்டும் கூட்டினாலே 10,000 மீட்டருக்குப் பக்கத்தில் வரும். பொதுவாக 10, 11 நாளில் முடிப்பார்கள். முடிக்கும் தறுவாயில் பலருக்கும் ஒரு ஆசை வரும்: இவ்வளவு நடந்தாயிற்று, கால் நல்ல பழக்கத்தில் இருக்கிறது, இதே சூட்டோடு ஒரு உச்சியையும் ஏறிவிட்டால் என்ன?

ஏறலாம். நானும் என் சித்தி பையனும் இத்தாலியின் கிரான் பரதீசோ மலையில் ஏறினோம். ஆனால் அந்த ஆசை வரும் நேரத்தில் திட்டம் போட்டால் நடக்காது. கைடு, ஹட்டில் (மலைமேல் இருக்கும் தங்குவிடுதியில்) படுக்கை, விசா நாள், காப்பீடு எல்லாம் மாதக்கணக்கில் முன்கூட்டியே பார்க்க வேண்டியவை. அதைவிட முக்கியம், அந்த நடை நமக்கு எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுப்பதில்லை என்று பிரித்துப் பார்ப்பது. மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

உயரக் கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள். வழக்கமான பாதையில் மிக உயரமான இடம் கிரான் கோல் ஃபெர்ரே கணவாய், 2,537 மீட்டர். கடினமான மாற்றுவழிகளில் போனாலும் 2,665-ஐத் தாண்டாது. அங்கேயும் மூச்சு வாங்கி, படம் எடுத்து, ஒரு பிஸ்கட் தின்றுவிட்டு இறங்கிவிடுவோம். தூங்கும் இடங்கள் இன்னும் கீழே. ஷாம்பே 1,466, ட்ரியான் 1,300 அளவு, லெ ஊஷ் 1,000 அளவு. போனாட்டி, எலிசபெத்தா மாதிரி ஹட்டுகளில் படுத்தால்தான் 2,000-ஐத் தாண்டும். உடம்பு உயரத்துக்குப் பழகுவதில் தூங்கும் உயரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உயர நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதே 2,500-க்கு மேல்தான். ஆக, இத்தனை நாள் ஆல்ப்ஸிலேயே கிடந்தும், 4,000 மீட்டரைப் பொறுத்தவரை உடம்பு ஏறக்குறைய புதுசு. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். தொடைத் தசை எவ்வளவு இறுகியிருந்தாலும் அதை ஈடுகட்டாது.

நடை கொடுப்பது வேறு. காலையில் எழுந்ததும் முனகாமல் நடக்கத் தொடங்கும் பழக்கம், பன்னிரண்டு பேர் குறட்டைவிடும் அறையில் தூங்கும் பழக்கம், பையில் எது தேவை எது வீண் என்ற தெளிவு. கூடவே ஒரு எண்: ஒரு மணி நேரத்தில் எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறோம் என்பது. பேச்சு திணறாமல் 350 மீட்டர் ஏற முடிகிறதா, 400 முடிகிறதா என்று நடையின்போதே குறித்துக்கொள்ளுங்கள். கைடு கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று.

எந்த மலை என்பதில் எங்களுக்குள் கொஞ்சம் இழுபறி. தம்பிக்கு மோன் பிளாங்தான் வேண்டும். "அக்கா, சாமியைச் சுற்றிவிட்டுப் பக்கத்துத் தெருக் கோயிலில் போய்க் கும்பிடச் சொல்றீங்களே" என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மோன் பிளாங் 4,800 மீட்டருக்கு மேல். உச்சியில் இருப்பது பனிக்குல்லாய் என்பதால் அளவு மாறிக்கொண்டே இருக்கும்; 2023-ல் அளந்தபோது 4,805.59 மீட்டர். அதிகம் பேர் போகும் கூத்தே வழியில் ஒரு பள்ள வாய்க்கால் குறுக்கே வரும், கூத்தே கொலுவார் என்பார்கள். வெயில் ஏற ஏற மேலிருந்து கற்கள் உருண்டுவரும் இடம். 2022 ஜூலை வெப்ப அலையில், மலையடிவாரத்து ஊரான ஷமோனியின் கைடுகள் அந்த வழி ஏற்றங்களையே நிறுத்திவைத்தார்கள். ஹட்டில் பெயர் போட்ட முன்பதிவு இல்லாமல் அங்கே இரவு தங்க முடியாது, டென்ட் போடவும் தடை. ஒரு கைடு இரண்டு பேரைத்தான் கூட்டிப்போவார். அதுவும் கிராம்பான் (பனியில் வழுக்காமலிருக்க ஷூவின் அடியில் மாட்டும் பற்கள்) அனுபவம் உள்ளவர்களைத்தான் பெரும்பாலும் ஏற்பார்கள். "நடை முடிந்த மறுநாளே கிளம்பலாம், மூன்றே நாளில் உச்சி" என்று ஒரு நிறுவனம் எங்களுக்கு மெயில் போட்டது. உடம்பு பழக நாள் எங்கே என்று கேட்டேன். "நீங்கள்தான் நடந்து பழகியிருப்பீர்களே" என்று பதில் வந்தது. அத்தோடு அந்தப் பேச்சை விட்டேன்.

கிரான் பரதீசோ 4,061 மீட்டர். முழுக்க இத்தாலிக்குள்ளேயே இருக்கும் மலைகளில் இதுதான் உயரமானது. மோன் பிளாங்குக்குத் தென்கிழக்கே, அவோஸ்தா பள்ளத்தாக்கிலிருந்து பிரியும் ஒரு கிளைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பெரும்பகுதி பனியாற்றின் மேல் நடை, கடைசியில் கொஞ்சம் பாறை. முதல் 4,000 மீட்டர் மலையாகப் பலரும் இதைத்தான் எடுக்கிறார்கள். மோன் பிளாங்குக்குத் தயாராக வரும் குழுக்களும் முதலில் இங்கே வந்து போகும். இதைச் சொன்னதும் தம்பி கொஞ்சம் இறங்கிவந்தான்.

மலை முடிவானதும் நடையின் தொடக்கத்தை மாற்றினோம். எல்லோரும் பிரான்ஸ் பக்கம் லெ ஊஷில் தொடங்கி அங்கேயே முடிப்பார்கள். வட்டப்பாதைதானே, எங்கேயும் தொடங்கலாம். நாங்கள் இத்தாலியின் கூர்மயரில் தொடங்கினோம். போனாட்டி, கோல் ஃபெர்ரே, ஷாம்பே, ட்ரியான், லெ ஊஷ், கொந்தாமீன், கடைசியில் எலிசபெத்தா வழியாக மறுபடி கூர்மயர். இதில் இரண்டு லாபம். கையுறை, தடித்த ஜாக்கெட் போன்ற மலையேற்றச் சாமான்களை ஒரு பையில் போட்டு கூர்மயர் ஹோட்டலிலேயே விட்டுவிட்டு நடக்கலாம், சுமந்து திரிய வேண்டாம். நடை முடியும்போது கிரான் பரதீசோ பக்கத்திலேயே இருப்போம். லெ ஊஷில் முடித்தால் மோன் பிளாங் சுரங்கப்பாதை வழியாக பஸ்ஸில் வர வேண்டும். அந்தச் சுரங்கத்தை அண்மைய ஆண்டுகளில் இலையுதிர் காலத்தில் பராமரிப்புக்காக வாரக்கணக்கில் மூடுகிறார்கள். செப்டம்பரில் போகிறவர்கள் டிக்கெட் போடும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். மூன்று நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். ஆனால் அதிக இரவு தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நடை மட்டும் என்றால் பிரான்ஸ் வரலாம். பின்னால் கிரான் பரதீசோவைச் சேர்த்தால் கணக்கு இத்தாலிக்குச் சாயும். எண்ணிப் பார்த்து விண்ணப்பியுங்கள். நாள் கேட்கும்போது வானிலைக்காக உபரி நாளையும் சேர்த்துக் கேளுங்கள்.

விசாவுக்கு வாங்கும் காப்பீடு மலையேற்றத்துக்கு ஆகும் என்று நம்பிவிடக் கூடாது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு என்பது விசா நிபந்தனை, அவ்வளவுதான். அந்தப் பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் கயிறு கட்டி ஏறுவது, பனியாற்றில் நடப்பது, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் போவது என்று ஏதாவது ஒன்று இருக்கும். பிரான்ஸில் மலை மீட்புக்குக் காசு வாங்குவதில்லை. எல்லையைத் தாண்டினால் அந்தச் சலுகை கிடையாது, ஹெலிகாப்டருக்கு பில் வரலாம். ஆஸ்திரிய ஆல்பைன் கிளப்பில் வெளிநாட்டினரும் உறுப்பினராகலாம். மீட்புச் செலவுக் காப்பீடும் பல ஹட்டுகளில் தள்ளுபடியும் அதோடு வருகின்றன. எங்கள் இருவருக்கும் அதுதான் தோதாக இருந்தது.

கைடு விஷயத்துக்கு வருகிறேன். சர்வதேச மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் பேட்ஜ் வைத்திருப்பவரா என்று பாருங்கள், அதில் சமரசம் வேண்டாம். நாங்கள் எழுதியவர் அனுப்பிய பதிலில் விலையைவிடக் கேள்விகள்தான் அதிகம். கிராம்பான் போட்டதுண்டா, மணிக்கு எத்தனை மீட்டர் ஏறுவீர்கள், முழங்கால் எப்படி, உயரத்தில் இதற்கு முன் தலைவலி வந்ததா, நடையின் கடைசி நாளுக்கும் ஏறும் நாளுக்கும் நடுவே எத்தனை நாள். உள்ளதை உள்ளபடி எழுதினோம்: கிராம்பான் தெரியாது, பனியில் நடந்ததில்லை. இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. நீங்கள் சொல்வதை வைத்துத்தான் அவர் தன்னோடு ஒரே கயிற்றில் எத்தனை பேரைக் கட்டிக் கூட்டிப்போவது என்று முடிவு செய்வார். அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருக்கப்போவதும் அவர்தான்.

காசு பேசும்போது ஹட்டில் கைடுக்கு ஆகும் செலவு யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நம்முடையதுதான். வானிலை கெட்டால் பணம் திரும்பி வருமா, வேறு மலைக்குக் கூட்டிப்போவாரா, நாள் மாற்றலாமா, பாதி வழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் கயிற்றில் இருக்கும் எல்லோரும் திரும்ப வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு இரண்டு பேருக்கு ஒரு கைடு என்றால் பதில் எப்போதும் "ஆமாம்". அதை நாங்கள் இருவரும் முன்கூட்டியே பேசி முடித்துவைத்திருந்தோம். அவனுக்கு முடியவில்லை என்றால் நானும் இறங்குவேன், முகம் தூக்கக் கூடாது. குடும்பத்தோடு போகிறவர்கள் இதைக் கீழேயே பேசிவிடுவது நல்லது.

நடை முடிந்த நாளிலிருந்து ஊர் திரும்பும் விமானம் வரை ஒரு வாரமாவது வையுங்கள் என்பேன். அதிகம் என்று தோன்றும். கூட்டிப் பார்த்தால் மிச்சமே இருக்காது. முதலில் முழு ஓய்வு ஒரு நாள், துணி துவைக்க, தூங்க, வயிறு நிறையச் சாப்பிட. அடுத்து கிராம்பான் பழக ஒரு நாள். கூர்மயருக்குப் பக்கத்திலிருந்து ஸ்கைவே என்ற ரோப்கார் 3,466 மீட்டரில் இருக்கும் புன்டா எல்ப்ரோன்னர் வரை போகிறது. கைடு எங்களை அங்கேதான் கூட்டிப்போனார். வெளியே வந்தால் நேராகப் பனியாறு. காலடி எடுத்து வைத்த முதல் ஐந்து நிமிடத்திலேயே உயரத்தின் வேலை தெரிந்தது. ஷூ லேஸ் கட்டக் குனிந்து நிமிர்ந்ததற்கே தம்பி நின்று மூச்சு வாங்கினான். சில மணி நேரம் அங்கே இருந்துவிட்டுத் தூங்கக் கீழே வந்துவிட்டோம். பக்கத்திலேயே 3,375 மீட்டரில் தோரினோ ஹட் இருக்கிறது, அங்கே இரவு தங்குபவர்களும் உண்டு. ஆனால் கூர்மயர் 1,200 மீட்டர் அளவுதான். ஒரே தாவலில் அங்கிருந்து போய்ப் படுத்தால் தலைவலியோடு விழித்திருக்க நேரலாம். அதனால் கைடு அதை விரும்பவில்லை.

அந்தப் பயிற்சியில் ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியம். நீண்ட நடைக்காரர்களுக்கு ஊன்றுகோல் பழக்கம் உடம்பில் ஊறிப்போயிருக்கும். எடையைக் கைக்குக் கொடுத்தே நடப்போம். கைடு முதல் வேலையாக இரண்டு கோலையும் பிடுங்கிக்கொண்டார். கையில் ஒன்றுமில்லாமல் சரிவில் ஏறி இறங்கச் சொன்னார். பாதம் முழுதும் பனியில் பதிய வேண்டும், எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் கடிக்க வேண்டும். கால்களுக்கு நடுவே ஒரு கை அகலம் இடைவெளி, இல்லாவிட்டால் ஒரு காலின் பல் மறுகால் பேன்ட்டில் மாட்டி விழுந்துவிடுவோம். கயிறு இறுகவும் கூடாது, காலடியில் குவியவும் கூடாது. பனியை லேசாகத் தொட்டுக்கொண்டு வர வேண்டும். அதை மிதிக்கவே கூடாது. கேட்டால் சுலபம். களைத்த காலுக்கு, பாதையில் பழகிய சோம்பல் நடையை மாற்றுவதுதான் பெரிய பாடாக இருந்தது.

வாடகை ஷூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நடைக்குப் போட்ட ஷூவின் அடி வளையும். கிராம்பான் மாட்டும் ஷூவின் அடி பலகை போல வளையாது. அடி வளையாததால் ஒவ்வொரு அடிக்கும் குதிகால் உள்ளே மேலே எழும்பும். தம்பிக்குக் கொந்தாமீனைத் தாண்டியதும் வலது குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு கொப்புளம். நடையின் மிச்சத்தை ஜெல் பிளாஸ்டர் ஒட்டிச் சமாளித்துவிட்டான். ஆனால் கடையில் முதல் ஜோடியைப் போட்டு நான்கு எட்டு வைத்ததும் முகம் மாறிவிட்டது. கடைக்காரப் பெண்மணி அவசரப்படவில்லை. மாலையில் கால் வீங்கிய பிறகு வரச் சொன்னார், ஏறும்போது போடப்போகும் அதே சாக்ஸோடு. அரை அளவு பெரிதாக, வேறு கம்பெனி ஜோடி ஒன்றைக் கொடுத்தார். கணுக்காலில் இறுக்கி, விரல் பக்கம் தளர்த்திக் கட்டக் காட்டினார். இறங்கும்போது விரல் முன்னால் போய் முட்டாதபடி மறுபடி கட்ட வேண்டும். பழைய பிளாஸ்டரைப் பிய்க்காமல் அதன் மேலேயே டேப் சுற்றினோம். நடையின் கடைசி நாட்களில் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று உறுத்தலைப் பொறுத்துக்கொண்டு போவது நம் வழக்கம். பின்னால் மலை இருக்கிறது என்றால் அது வேண்டாம். லேசாக உறுத்தினாலே உட்கார்ந்து டேப் போடுங்கள்.

கிரான் பரதீசோ இருக்கும் பள்ளத்தாக்கின் கோடியில் போன் என்ற இடத்தில் சாலை முடிகிறது, 1,960 மீட்டர். அங்கிருந்து இரண்டு இரண்டரை மணி நேரம் ஏறினால் விட்டோரியோ எமானுவேலே ஹட், 2,735 மீட்டர். தகரம் போர்த்த வளைந்த கூரை, தூரத்திலேயே பளபளக்கும். இந்த வட்டாரம் ஒருகாலத்தில் அரசர்களின் வேட்டைக்காடு. 1922-ல் இத்தாலியின் முதல் தேசியப் பூங்காவானது. ஐபெக்ஸ் என்ற காட்டாடு ஆல்ப்ஸ் முழுவதும் வேட்டையில் அழிந்தபோது மிஞ்சியது இங்கேதான். இன்று ஆல்ப்ஸில் திரியும் ஐபெக்ஸ் எல்லாம் அந்தக் கூட்டத்தின் வாரிசுகள். சாயங்காலம் ஹட்டைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தன, நம்மைக் கண்டுகொள்வதே இல்லை.

சைவம் என்றால் முன்பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். எங்களுக்கு ஃபொன்டீனா சீஸ் உருக்கிய பொலென்டாவும் காய்கறி சூப்பும் வந்தன. சோளக் களிதான், ஊறுகாய் பாக்கெட் இருந்ததால் இறங்கியது. ஏறும் நாளுக்கு முன் இங்கே இரண்டு இரவு தங்கினோம். நடுவில் ஒரு பகல், ஹட்டுக்கு மேலே கல்மேடு வரை சும்மா நடந்துவிட்டு வந்தோம். அந்த உபரி இரவு கைடின் யோசனை. செலவு கூடும், ஆனால் முதல் இரவு லேசாக இருந்த தலைவலி இரண்டாவது இரவில் இல்லை.

ஏறும் நாள் காலைச் சாப்பாடு 4 மணிக்கு. ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் ஹட்டுக்குப் பின்னாலேயே பெரிய பெரிய பாறைக் குவியல். இந்த இடத்தில் மட்டும் நீண்ட நடைக்காரர்கள் ராஜா. கல் தாவுவது நமக்குப் பழகிய வேலை, பக்கத்துக் குழுக்களைத் தாண்டிப் போகத் தோன்றும். கைடு திரும்பிப் பார்க்காமலே "மெதுவாக" என்றார். அவர் வேகம் எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாகத்தான் இருந்தது. 3,600-ஐத் தாண்டியதும் அதே வேகம் எனக்குச் சரியாக இருந்தது, இன்னும் கொஞ்சம் மேலே போனதும் அதுவே அதிகம். ஹட்டிலிருந்து உச்சிக்கு 1,326 மீட்டர் ஏற்றம். மணிக்கு 400 ஏறுகிறவன் என்ற பெருமையில் மூன்றே கால் மணி நேரம் என்று தம்பி கணக்குப் போட்டிருந்தான். அது பலிக்கவில்லை. நடையின்போது தாழ்ந்த உயரத்தில் குறித்த எண்ணிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பாறை முகடு ஒடுக்கம், ஒரு பக்கம் பள்ளம். உச்சியில் இருக்கும் மாதா சிலை வரை போக ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே இடத்தில் நெருக்கியடிப்பார்கள். நின்று காத்திருக்கும்போதுதான் குளிர் ஏறும். தடித்த ஜாக்கெட்டும் இன்னொரு ஜோடி கையுறையும் பைக்குள் மேலேயே இருக்கட்டும். உச்சியில் அதிக நேரம் நிற்கவில்லை. மோன் பிளாங் வடமேற்கே தெளிவாகத் தெரிந்தது. தம்பி அதை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாதது இறக்கம். உச்சியிலிருந்து சாலை முடியும் போன் வரை அன்றே இறங்கினால் 2,100 மீட்டர். மோன் பிளாங் சுற்றில் கடுமையான இறக்கம் என்று பேசப்படும் பிரெவான் – லெ ஊஷ் இறக்கமே 1,500 அளவுதான். அதற்கே மறுநாள் மாடிப்படி இறங்கக் கஷ்டப்பட்டிருப்போம். இங்கே அதற்கும் மேலே 600, அதுவும் இருட்டில் எழுந்து ஏறி முடித்த காலோடு. பனியாறு தாண்டிக் கயிற்றை அவிழ்த்ததும் மனசு தளர்ந்துவிடும், அப்போதுதான் கால் இடறும். நாங்கள் ஹட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, சூப் குடித்து, ஷூவை மாற்றிக்கொண்டு, பிடுங்கி வைத்திருந்த ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு இறங்கினோம். முடியவில்லை என்றால் ஹட்டிலேயே இன்னொரு இரவு தங்கலாம், இடம் இருக்கிறதா என்று காலையிலேயே கேட்டு வையுங்கள். மறுநாள் விமானம் மட்டும் வேண்டாம்.

தம்பி இப்போது மோன் பிளாங்குக்குத் திட்டம் போடுகிறான். கூத்தே ஹட்டின் முன்பதிவு திறக்கும் நாளுக்கு போனில் அலாரம் வைத்திருக்கிறான். இந்த முறை சுற்று நடை கிடையாது; கிரான் பரதீசோவில் பழகிவிட்டு நேரே அங்கே போவதாம். நானும் வருகிறேனா என்று கேட்டான். கொலுவாருக்குக் கீழே இருக்கும் தெத் ரூஸ் ஹட்டில் தூங்கி, விடிவதற்குள் அந்த கொலுவாரைத் தாண்டுவதாக இருந்தால் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.